சீழ் வைக்காத காயம்

மீன் வெட்டும் மன்னாக்கத்தி அச்சிமுகம்மதுவின் கையை விட்டுப் பறந்து, றிம்சானின் கால் பெருவிரலுக்கு ஒரு சாண் தள்ளிச் சீமெந்துத் தரையில் மோதிப் பொறி கிளப்பியது. சுறாவின் தலை பாதி அறுபட்டு வெட்டுகிற மரக் குற்றியிலேயே கிடந்தது. அறுபட்ட இடத்திலிருந்து இரத்தம் குற்றியின் விளிம்பால் இறங்கி அவருடைய இடுப்புச் சாரத்தில் சொட்டியது.

"காக்கா, என்ட கால் வேணுமெண்டாக் கேட்டிரிக்கலாமே," என்றான் பக்கத்துக் குற்றியில் வெட்டிக்கொண்டிருந்த றிம்சான். "நானே துண்டு போட்டுத் தந்திரிப்பன்."

சந்தை சிரித்தது. அச்சிமுகம்மது சிரிக்கவில்லை. தன் வலது கையைப் பார்த்தபடி நின்றார். விரல்கள் பாதி வளைந்து நின்றன. மூடச் சொன்னால் மூடவில்லை, திறக்கச் சொன்னால் திறக்கவில்லை. மணிக்கட்டு இடியப்ப மாவு மாதிரிப் பொதுபொதுவென்று வீங்கியிருந்தது. இடது கையால் கத்தியைப் பொறுக்கி எடுத்தார். பாதி அறுபட்ட சுறாவை றிம்சான்தான் வெட்டி முடித்தான்.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பக்கத்து மீன் சந்தையில் முப்பது வருடங்களுக்கு மேலாக அவர் மீன் வெட்டினார். ஒலுவில் துறைமுகத்திலிருந்து விடியலில் லொறி வரும். மீனை முழுதாக வாங்குகிறவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வெட்டுகிறவர்களிடம் வருவார்கள். அவருடையது புளிய மரக் குற்றி. இடுப்பளவு உயரம், நடுவில் முப்பது வருட வெட்டுக் குழி. அறக்குளாவின் தலையை ஒரே போட்டில் எடுப்பார். இரண்டாம் வெட்டு மீனை அவமதிப்பது என்பார். வெட்டும்போது அவருடைய முகத்தில் கோபம் இருக்கும். மீனோடு அவருக்கு என்ன பகை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். பகை ஒன்றுமில்லை. ஓங்கி ஒன்றை அடித்துவிட்டால் அவருக்கு மனம் ஆறியது, அவ்வளவுதான்.

மூட்டு வலியையும் அப்படித்தான் நடத்தினார். சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் பத்து மணி வரை கை விறகாகக் கிடக்கும். கை கால் கழுவி வுளூச் செய்யத் தண்ணீர்க் குழாயைத் திருக முடியாது. ஒரு நாள் முழங்கையால் அடித்து அடித்துக் குழாயையே உடைத்தார். தண்ணீர் கிணற்றடியெல்லாம் ஓடியது. இன்னொரு நாள், வலிக்கிற மணிக்கட்டைச் சுவரில் மூன்று தரம் அறைந்தார். "வலிக்கிறதெண்டா நல்லா வலி!" என்று கையைப் பார்த்துக் கத்தினார். மனைவி செய்லத்தும்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய சாரத்தை அவள்தான் கட்டிவிட்டாள். பிடிக்கவில்லை என்றாலும் நின்றார்.

சந்தையில் ஒரு சட்டம் இருந்தது. மூன்று மாதம் ஒரு குற்றி வெறுமையாகக் கிடந்தால் அது வரிசையில் அடுத்தவருக்குப் போகும். கத்தி பறந்த நாளிலிருந்து அச்சிமுகம்மதுவின் குற்றி வெறுமையாகத்தான் கிடந்தது. சங்கத்துச் செயலாளர் மீராமுகைதீன் வீட்டுக்கே வந்து சொன்னார்.

"நான் எழுதின சட்டமில்ல மச்சான். உனக்கும் தெரியும்."

"தெரியும். நானும்தானே கையெழுத்துப் போட்ட."

"இன்னும் அஞ்சு கிழமை இரிக்கி. ஒரு நாள் வந்து நிண்டு வெட்டிட்டாக் காணும். மறுகாக் கணக்குப் புதுசாத் தொடங்கும்."

அஞ்சு கிழமை, முப்பத்தைந்து நாள். அச்சிமுகம்மது விரல் மடக்கி எண்ணப் பார்த்தார். மடங்கவில்லை.

அந்தக் கிழமைதான் மகள் றுஸ்தியா லீவில் வந்தாள். மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. கையைப் பார்த்தாள். மற்றக் கையைப் பார்த்தாள். முழங்காலை அமத்தினாள். வலிக்குத் தடவிய எண்ணெய்ப் போத்தல்களையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டு அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள்.

டொக்டர் முழங்காலில் ஊசி குத்தி இழுத்தார். சிரிஞ்சில் வந்தது கலங்கிய மஞ்சள் தண்ணீர், கஞ்சி மாதிரி. அங்கிருந்த பரிசோதனைக் கூடத்தில் அவளோடு படித்த ஒருத்தி இருந்தாள். றுஸ்தியாவும் உள்ளே போய் நுணுக்குக் கண்ணாடியில் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து பகல் சோறு தின்னும்போது பேச்சு வந்தது. அச்சிமுகம்மது கரண்டியோடு மல்லுக்கட்டினார். வலது கையால் சோறு பிசைய முடியாமல் போனதிலிருந்து அவர் யாரோடும் சேர்ந்து உண்பதில்லை. அன்று மகளுக்காக உட்கார்ந்தார்.

"வாப்பா, உங்கட முழங்கால்ல எடுத்த தண்ணிய நான் பாத்தன். நல்ல மூட்டில, ஊசிமுனையளவு தண்ணியில நூறு வெள்ளை அணு இரிந்தாலே அதிகம். உங்களுக்கு முப்பதாயிரம்."

"என்னத்துக்கு வந்திரிக்கி இவ்வளவு பேரும்?"

"அடிக்க."

"ஆரை?"

"உங்களைத்தான்."

கரண்டி நின்றது.

"வெள்ளை அணு உடம்புக்குப் பொலிஸ் மாதிரி வாப்பா. கிருமி வந்தாப் பிடிச்சுக் கொல்லும். உங்கட உடம்பில அதுக்கு ஆள் மாறிட்டு. மூட்டுக்குள்ள ஒரு சவ்வு இரிக்கி. அத எதிரியெண்டு நினைக்கிது. ஒண்டு வந்து சத்தம் போடும். மத்ததெல்லாம் ஓடி வரும். வந்த ஒவ்வொண்டும் இன்னும் ஆளைக் கூப்பிடும். கிருமியக் கரைக்க வச்சிரிக்கிற சாற அதுகள் உங்கட குருத்தெலும்பில ஊத்துது. சவ்வு வீங்கித் தடிச்சு எலும்பத் தின்னுது. அதுதான் உங்கட கை."

அச்சிமுகம்மது வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கினார்.

"பொலிஸ் இல்ல மகள்," என்றார். "பொலிஸ் முதல்ல புத்தகத்தில எழுதும், மறுகாத்தான் அடிக்கும். இது ஊர்காவல். ஆளத் தெரியாட்டியும் சுடும்."

றுஸ்தியா சிரித்துவிட்டாள். வகுப்பில் சொல்லிக் கொடுத்தவர்கள்கூட இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை என்று அவளுக்குப் பட்டது.

"ஓம் வாப்பா. அச்சொட்டா அதுதான்."

அவர் ஏன் அந்தச் சொல்லை எடுத்தார் என்று அவள் கேட்கவில்லை. செய்லத்தும்மாவுக்குத் தெரியும். அவள் தண்ணீர்க் குவளையோடு எழும்பிக் குசினிக்குள் போனாள்.

தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு ஊர்காவல் என்று ஊரிலே இளைஞர்களின் கையில் துவக்குக் கொடுத்தார்கள். அச்சிமுகம்மதுவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வட்டையின் ஓரத்தில், நெல்வயல் தொடங்குகிற இடத்தில், மண்மூட்டை அடுக்கிய காவல் நிலை. பத்துப் பேர், பத்துத் துவக்கு. மூன்று கிழமையாக யாரும் சரியாகத் தூங்கவில்லை. பக்கத்து ஊரில் நடந்ததையெல்லாம் கேட்டிருந்தார்கள். இலை அசைந்தாலும் விரல் போய்த் துவக்கின் விசையில் நின்றது.

ஒரு நாள் விடிந்து வெளிச்சம் வந்த பிறகும் பனி கலையவில்லை. வரம்பிலே ஓர் ஆள் வந்தான். தோளில் நீளமாக ஏதோ இருந்தது.

"ஆர்?"

பதில் இல்லை. ஆள் நடந்துகொண்டே வந்தான்.

"ஆரெண்டு கேக்கிற!"

மூன்றாம் முறையும் கேட்டார்கள். முதல் வெடி யாருடையது என்று பிறகு யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒன்று வெடித்தது, பத்தும் வெடித்தன. ஆள் விழுந்த பிறகும் வெடித்தன. வரம்பு மண் தெறித்தது, நெற்கதிர் தெறித்தது. வாய்க்கால் தண்ணீர் சிவந்து அவர்கள் நின்ற பக்கம் ஓடி வந்தது. அப்போதுதான் நிறுத்தினார்கள்.

வாய்க்காலில் கிடந்தவர் ஆதம்பாவா. அவர்களுடைய ஊர்தான், செய்லத்தும்மாவின் தாய்வழியில் சொந்தம். காது கேளாதவர். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போய்த் திரும்பியவரின் தோளில் இருந்தது மண்வெட்டி. அச்சிமுகம்மதுதான் அவரைப் புரட்டினார். முகம் அப்படியே இருந்தது. நெஞ்சு இருக்கவில்லை.

அன்றைக்கே துவக்குக் கொடுத்தவர்களின் ஜீப் வந்தது. எந்தத் துவக்கு முதலில் வெடித்தது, எது கடைசியில் வெடித்தது என்று அதிகாரி கேட்கவில்லை. பத்தையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வரம்பில் யாரும் சாகவில்லை. அந்த அதிகாரி செய்தது சரி என்று முப்பத்துச் சொச்சம் வருடம் அச்சிமுகம்மது நினைத்திருந்தார். அவர் அதன்பின் துவக்கைத் தொடவில்லை. மீன் சந்தையில் கத்தியை எடுத்தார்.

அடுத்த முறை கிளினிக்கில் மருந்து தந்தார்கள். மஞ்சள் குளிசை கிழமைக்கு நாலு. நாலையும் வெள்ளிக்கிழமை ஒரே தரமாகப் போட வேண்டும், மற்ற நாளில் தொடக் கூடாது. சின்ன வெள்ளைக் குளிசை தினமும் காலையில். மூன்று கிழமையில் இரத்தப் பரிசோதனை. அடிக்கடி வரத் தேவையில்லாமல் மூன்று மாதத்துக்கு மஞ்சள் குளிசை ஒன்றாகவே கையில் கிடைத்தது. நாற்பத்தெட்டு.

"எத்தின நாளில கை வரும் டொக்டர்?"

"மஞ்சள் மெதுவாத்தான் வேலை செய்யும். ரெண்டு மாசமாவது பொறுக்க வேணும்."

ரெண்டு மாசம். அவரிடம் இருந்தது நாலு கிழமை.

காத்திருக்கும் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் பாண்டிருப்புக் கனகேஸ்வரி இருந்தாள். நாற்று நடுகிறவள், அவளுடைய மணிக்கட்டுகள் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன.

"காக்காவுக்கும் மஞ்சளா?"

"ஓம் தங்கச்சி. வெள்ளிக்கு."

"எனக்குச் செவ்வாய்க்கு. மூணு வருசமாப் போடுறன். பொல்லாத குளிசை காக்கா. புற்றுநோய்க்கும் இதைத்தான் குடுக்கிறாங்களாம். அடுத்த நாள் சோத்தக் கண்டாலே சத்தி வரும்."

"வேல செய்யுதா?"

அவள் கையை மூடிக் காட்டினாள். முக்கால்வாசி மூடியது. "முந்தி இதுவும் இல்ல. இப்ப நாத்துப் பிடுங்கிறன். ஆனாச் சொன்ன நாளுக்கு மட்டும் போடுங்க. விளையாடக் கூடாது."

அச்சிமுகம்மதுவின் காதில் நின்றது 'பொல்லாத' என்ற சொல்தான். அவருடைய அகராதியில் அது பாராட்டு. நல்ல கத்தியைப் பொல்லாத கத்தி என்பார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வந்து நாலு மஞ்சளைப் போட்டார். அந்தக் கிழமை முடிய முன்னரே கை திறந்தது. புதன்கிழமை குழாயைத் திருகினார். வியாழக்கிழமை தானே சாரத்தைக் கட்டினார். செய்லத்தும்மா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

கையைத் திறந்தது சின்ன வெள்ளைக் குளிசை. அது வீக்கத்தை உடனே அமத்தும், கொஞ்சக் காலத்துக்கு. மஞ்சள் அப்போது ஒன்றுமே தொடங்கியிருக்கவில்லை. அவரோ அந்தப் பெயரை மஞ்சளுக்குக் கொடுத்தார்.

இரண்டாம் வெள்ளி போட்டார். சனிக்கிழமையும் நாலு எடுத்தார். செய்லத்தும்மா கண்டுவிட்டாள்.

"கிழமைக்கு ஒருக்காத்தானே டொக்டர் சொன்ன?"

"சொன்ன."

"மறுகா?"

"இஞ்சப் பாரு புள்ள. ஒரு நாள் அடிச்சதுக்கே பாதிப் பேர் ஓடிட்டான். மிச்சப் பேர் ஒளிச்சிரிக்கான். கிழமைக்கு ஒருக்கா அடிச்சா, ஆறு நாளையில ஆள் சேத்துக்கிட்டுத் திரும்பி வருவான். எல்லாத் துவக்கையும் ஒரேயடியா வாங்கினாத்தான் அடங்கும். ஒண்டையும் மிச்சம் வைக்கப்படாது."

 ஆதம்பாவாவின் வீட்டில் செய்லத்தும்மாவும் அழுதவள். "மகளிட்ட ஒரு சொல் கேளுங்களேன்," என்று மட்டும் சொன்னாள்.

"அவள்தான் எனக்கு விளக்கம் சொன்ன. நான் சொன்னது சரியெண்டும் சொன்ன."

லீவு முடிந்து போன றுஸ்தியா தினமும் அழைத்தாள். "வெள்ளி போட்டீங்களா வாப்பா?"

"ஓம் மகள், போட்டன்."

அவர் பொய் சொல்லவில்லை. வெள்ளியும் போட்டிருந்தார்.

"கை?"

"கை வந்திட்டு. உம்மாட்டக் கேட்டுப் பாரு, சாரம் நானே கட்டுற."

தொலைபேசிக்கு அந்தப் பக்கம் அவள் அழுதாள், சந்தோஷத்தில். வெள்ளைக் குளிசையின் வேலை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவரிடம் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிறவரிடம் எதற்கு என்று விட்டாள்.

நாற்பத்தெட்டுக் குளிசையும் மூன்றாம் கிழமை முடிய முன்னர் முடிந்தன. கடைசி அட்டையைக் கசக்கி எறிந்தபோது, ஒரு நிலையைக் காலி செய்துவிட்டு வருகிறவர் மாதிரி இருந்தார். இரத்தப் பரிசோதனைக்கு அழைத்த நாளில் அவர் போகவில்லை. அந்த நாளில் சந்தைக்குப் போனார்.

வெட்டப் போனவரை முதலில் கண்டவன் றிம்சான்தான்.

"அல்லாஹ்வே! டேய், எல்லாரும் காலத் தூக்கிக்கிட்டு நில்லுங்கடா. காக்காட கத்தி பறக்கும்."

"உன்ட வாய முதல்ல வெட்டிறன், மறுகா மீன்."

"வெட்டுங்க. என்ட பொஞ்சாதி உங்களுக்குத் துஆக் கேப்பாள்."

லொறியில் வந்த பெரிய சுறாவைத் தன் குற்றிக்குக் கேட்டார். இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். சுற்றி ஆள் கூடியது. மீராமுகைதீனும் கொப்பியை இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். அச்சிமுகம்மது கத்தியை ஓங்கினார். செவுளுக்குப் பின்னால் இறங்கியது. தோல், தசை, முள் எல்லாம் ஒரே சத்தத்தில் போயின. தலை உருண்டு கீழே விழுந்து, வாய் பிளந்தபடி கிடந்தது. இரத்தம் அவருடைய தாடி வரை தெறித்தது. துடைக்காமல் நின்றார்.

"எழுது," என்றார் மீராமுகைதீனிடம்.

எழுதினார். குற்றி அவருடையதுதான்.

அன்று பகல் வரை வெட்டினார். அறக்குளா, சூரை, திருக்கை, வந்ததெல்லாம் வெட்டினார். முடியும் நேரம் ஒரு பெண் ஒரு பை கெளுத்தி கொண்டுவந்தாள். கெளுத்திக்கு முதலில் முதுகு முள்ளையும் இரண்டு பக்க முள்ளையும் முறிக்க வேண்டும். ஆயிரம் தரம் முறித்த கை. மூன்றாவது மீன் உயிரோடு இருந்தது. துள்ளியதில் பக்க முள் பெருவிரலின் அடிச் சதையில் முழுதாக இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து எடுத்தார். முள்ளின் பற்கள் சதையையும் கொண்டு வந்தன.

"கடுகடுக்குமே காக்கா. சுடுதண்ணியில வைங்க," என்றான் றிம்சான்.

"இது எனக்குப் புதுசா?"

புதிது இல்லை. கெளுத்தி முள் குத்தினால் கை பூசணிக்காய் மாதிரி வீங்கும், சிவக்கும், மூன்றாம் நாள் சீழ் வைக்கும். பிதுக்கி எடுத்தால் ஆறும். வெட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது.

மூன்றாம் நாள் காயத்தை அமத்திப் பார்த்தார். சீழ் இல்லை. வீக்கமும் கொஞ்சம்தான். முள் போன துளை அப்படியே திறந்து, சுத்தமாக, ஈரமாக இருந்தது. சுற்றி ஒரு நீல நிறம் மட்டும்.

"பாத்தியா புள்ள," என்று செய்லத்தும்மாவுக்குக் காட்டினார். "சீழ் இல்ல. குளிசை இரத்தத்தச் சுத்தமாக்கிட்டு."

"உங்கட வாயால இரத்தம் வருது."

"சுண்ணாம்பு கூடிட்டு."

வெற்றிலையை நிறுத்தினார். வாய்ப் புண் நிற்கவில்லை. நாக்கின் தோல் உரிந்தது. சோற்றுக்குப் பதில் கஞ்சி குடித்தார். அதையும் அவர் பெரிதாக எடுக்கவில்லை. கனகேஸ்வரி சத்தி வரும் என்று சொல்லியிருந்தாள்தானே. ஒவ்வொரு நாளும் சந்தைக்குப் போனார். ஒவ்வொரு நாளும் ஒரே போட்டில் தலை எடுத்தார்.

ஆறாம் நாள் குற்றியடியில் நடுக்கம் தொடங்கியது. வெயில் கொளுத்திய நேரம் அவருடைய பல் கிட்டியது. சூரை ஒன்றை ஓங்கி வெட்டினார். கத்தி கையில்தான் இருந்தது, கால்தான் நிற்கவில்லை. மீன் குடலும் இரத்தமும் கிடந்த வாய்க்காலில் முகம் குப்புற விழுந்தார். றிம்சான் அவரைப் புரட்டித் தூக்கி ஆட்டோவில் போட்டான். ஆஸ்பத்திரி வரை அவருடைய தலை றிம்சானின் மடியில் இருந்தது. வழியில் ஒரு தரம் கண் திறந்தார்.

"சூரையை ஆர் முடிச்ச?"

"நான் முடிக்கிறன். நீங்க கதைக்காதிங்க."

"ஒரே வெட்டில முடி."

றுஸ்தியா பஸ்ஸில் ஏறியபோது அவளுடைய தொலைபேசியில் படம் வந்தது. கூடப் படித்தவள் அனுப்பிய அறிக்கை. வெள்ளை அணு நானூறு. நாலாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டியது. நானூறில் கிருமியைத் தின்கிற வகை கிட்டத்தட்ட இல்லை. ஒன்பது மணித்தியாலப் பயணம். அந்த எண்ணைப் பார்த்தபடியே வந்தாள். பிழை அறிக்கையாக இருக்கட்டும் என்று துஆக் கேட்டாள். பிழை அறிக்கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அப்படி இருக்கவில்லை.

வார்டில் அச்சிமுகம்மதுவுக்கு இரண்டு கையிலும் சேலைன் ஏறியது. வலது கை நீலம் முழங்கை வரை ஏறியிருந்தது. தோலில் கறுத்த கொப்புளங்கள். மகளைக் கண்டதும் அந்தக் கையைத்தான் நீட்டினார்.

"பிடி மகள்."

பிடித்தாள். அவர் நெரித்தார். அவளுடைய விரல் எலும்பு ஒன்றோடொன்று உரசியது. வலியில் அவளுக்குக் கண் கலங்கியது.

"பாத்தியா? எத்தின மாசத்துக்குப் பிறகு!" உரிந்த உதட்டில் சிரிப்பு வந்தது. "எல்லாத் துவக்கையும் வாங்கிட்டன். ஒண்டும் மிச்சமில்ல. இந்தக் காய்ச்சல் நிண்டாச் சரி. எப்ப விடுவாங்க?"

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"எத்தின போட்டீங்க வாப்பா?"

"எல்லாம்."

அவள் கட்டிலின் ஓரத்தில் இருந்தாள்.  சொல்லாமல் விடலாமா என்று ஒரு தரம் யோசித்தாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் வாங்குகிறவரிடம் நாள்பட்ட மீனை நல்ல மீன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"வாப்பா, காயத்துக்கும் அதுகள்தான் காவல்."

"எது?"

"வெள்ளை அணு. மூட்ட அடிச்சதும் அதுதான். கெளுத்தி முள்ளோட வந்த கிருமியப் பிடிக்க வேண்டியதும் அதுதான். வேற ஆள் இல்ல. குளிசை கிழமைக்கு ஒருக்கா எண்டது, அதுகள அடக்கத்தான். கொல்ல இல்ல."

அச்சிமுகம்மது பெருவிரலின் அடியைப் பார்த்தார். துளை இன்னும் சுத்தமாகத் திறந்திருந்தது.

"அப்ப, சீழ் எண்டது?"

"செத்த வெள்ளை அணு வாப்பா. கிருமியோட சண்டை பிடிச்சு அந்த இடத்திலேயே செத்தது."

அவர் அதை மெதுவாக உள்ளே எடுத்தார். முப்பது வருடம் தன் கையிலிருந்து பிதுக்கி எறிந்தவற்றையெல்லாம் எண்ணுகிறவர் மாதிரி இருந்தார்.

"இஞ்ச சீழ் இல்ல," என்றார். "அப்ப ஒருத்தனும் வரயில்ல."

"ஓம்."

"முள்ளுக் குத்தின அண்டையிலிருந்து, ஆரெண்டு கேக்கவும் ஒரு ஆள் இரிக்கயில்ல."

 அவர் அவளுடைய கையை விடவில்லை.

"உன்னில பிழையில்ல மகள்," என்றார். "நீ நல்லாத்தான் சொன்ன. எனக்குத்தான் நல்லா விளங்கிட்டு."

புதிதாக வெள்ளை அணு உண்டாக ஊசி போட்டார்கள். குளிசையின் விஷத்தை முறிக்க மருந்து ஏற்றினார்கள். கிருமிக்கு மூன்று வகை மருந்து ஏற்றினார்கள். றுஸ்தியா ஒவ்வொரு காலையும் இரத்தக் குழாயைத் தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கண்ணாடிச் சாளரத்தின் முன்னால் நின்றாள். நானூறு. முந்நூற்று ஐம்பது. மூன்றாம் நாள் அறுநூறு. கூடப் படித்தவள் வெளியே ஓடிவந்து சொன்னாள். அறுநூறு என்ற சொல்லோடு றுஸ்தியா வார்டுக்கு ஓடினாள். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

மையத்தான அவருடைய உடலைக் குளிப்பாட்டியவர்களில் றிம்சானும் ஒருவன். முடித்துவிட்டு வெளியே வந்தான். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. பெண்கள் நின்ற பக்கம் வந்து, யாருடைய முகத்தையும் பார்க்காமல், செய்லத்தும்மாவிடம் சொன்னான்.

"மதினி, வலது கைய நான்தான் கழுவின. விரலெல்லாம் மடக்கி மடக்கிக் கழுவினன். அஞ்சும் மடங்கிச்சு."

செய்லத்தும்மா தலையை ஆட்டினாள். றுஸ்தியா தன் வலது கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். அவர் நெரித்த இடம் இன்னும் வலித்தது.